விவசாயி ஏன் உரக்கடையில் கேட்கிறார்?

சந்தை கூடும் எந்தச் சின்ன ஊரிலும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு உரக்கடை இருக்கும். காலை ஒன்பது மணிக்கு அங்கே போய் நின்றால் இதைப் பார்க்கலாம். ஒருவர் மஞ்சள் பையிலிருந்து, வேரோடு பிடுங்கி வந்த நெல் தூர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். "இதுக்கு என்னண்ணே அடிக்கலாம்?" கடைக்காரர் இலையைப் புரட்டிப் பார்க்கிறார். நட்டு எத்தனை நாள், போன வாரம் யூரியா போட்டீங்களா, தண்ணி கட்டி நிக்குதா என்று கேட்கிறார். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலும் ஒரு பாக்கெட்டும் இறங்குகின்றன. "டேங்குக்கு ரெண்டு மூடி. சாயங்காலமா அடிங்க." கையில் காசு இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொள்கிறார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

நம் நாட்டின் வேளாண் தகவல் சேவையில் கணிசமான பகுதி இந்த ஐந்து நிமிடத்தில்தான் நடக்கிறது. நவீனத் தொழில்நுட்பம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைக்கிறது என்று 2003-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களிடம் கேட்டது. எங்கிருந்தும் கிடைப்பதில்லை என்றவர்கள் 60 சதவீதம். பக்கத்து முன்னோடி விவசாயியிடம் கேட்டுக்கொள்கிறோம் என்றவர்கள் 16.7 சதவீதம், விதை, உரம், மருந்து என இடுபொருள் விற்கும் கடையில் என்றவர்கள் 13.1, வானொலி என்றவர்கள் 13. ஊருக்கு வந்து ஆலோசனை சொல்ல வேண்டிய அரசின் விரிவாக்கப் பணியாளர் வழியாக என்றவர்கள் 5.7 சதவீதம்தான். 2013-ல் எடுத்த அடுத்த ஆய்விலும் தொழில்நுட்ப ஆலோசனை எதுவும் கிடைக்காத குடும்பங்கள் 59 சதவீதம். இடைப்பட்ட அந்தப் பத்தாண்டில்தான் செல்போன் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. போன் வந்தது, ஆலோசனை வரவில்லை.

இதைப் பார்த்து "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது" என்று முடிவு கட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடைக்குப் போகிறவர் யோசித்துத்தான் போகிறார். கடை காலையிலும் திறந்திருக்கிறது, இருட்டிய பிறகும் திறந்திருக்கிறது. கேட்டால் பதில் வருகிறது, மறுகேள்வியும் வருகிறது. சொன்ன மருந்து அங்கேயே கிடைக்கிறது, கடனுக்கும் கிடைக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையென்றால் அடுத்த வாரம் வந்து சண்டை போடலாம். இத்தனையும் ஒரே இடத்தில் தருகிற அரசு ஏற்பாடு எது? கடையின் குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: எதையாவது விற்றால்தான் கடைக்காரருக்கு வருமானம். "ஒண்ணும் அடிக்க வேணாம், தண்ணியை வடிச்சுட்டு நாலு நாள் பொறுங்க" என்ற பதிலுக்கு அங்கே விலை கிடையாது.

தகவல் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேடு இருக்கிறது, அதன் வேளாண் இணையதளத்தில் தமிழிலேயே ஏராளமாக இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் திறந்த அணுகல் கொள்கையை அறிவித்தது. அதன் ஆய்விதழ்களை யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் பயன்படும் தகவல் என்பது வேறு. வாங்கிய மருந்துப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். பாட்டிலின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஏதாவது ஒரு நிறத்தில் சதுரக் குறி இருக்கும். சிவப்பு கடும் விஷம், பச்சை அவற்றில் குறைந்தது. பெட்டிக்குள் நாலைந்தாக மடித்த ஒரு துண்டுத்தாள். எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், உடம்பில் பட்டால் என்ன செய்வது என்று எல்லாமே அதில் பல மொழிகளில் அச்சாகியிருக்கிறது. எழுத்தோ எறும்பளவு. அளவு ஹெக்டேர் கணக்கில். நம் ஊரில் நிலத்தை ஏக்கரிலும் சென்ட்டிலும் சொல்வார்கள், தஞ்சைப் பக்கம் போனால் மாவிலும் குழியிலும் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 200 கிராம் மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 0.4 கிராம் என்று வகுத்து, 16 லிட்டர் டேங்குக்கு 6.4 கிராம் என்று பெருக்கி, அதை அளக்கத் தராசு இல்லாமல் வயல் வரப்பில் நிற்க வேண்டும். "ரெண்டு மூடி" என்ற பதில் ஏன் ஜெயிக்கிறது என்பது அப்போது புரியும். தவறாகவே இருந்தாலும் அது கையில் பிடிக்கக்கூடிய அளவு.

அளவு இப்படி என்றால் நேரம் இன்னும் கறாரானது. அமெரிக்கப் படைப்புழு வந்த கதை இதற்கு நல்ல உதாரணம். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் மக்காச்சோளத்தில் அந்தப் புழு கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல்முறை. ஜூலைக்குள் ஆராய்ச்சி நிறுவனங்கள் எச்சரிக்கை வெளியிட்டுவிட்டன. தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அடையாளமும் தெளிவாகச் சொல்லப்பட்டது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் விதைப்பது புரட்டாசி வாக்கில். ஆக, எச்சரிக்கைக்கும் விதைப்புக்கும் நடுவே மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. ஆனாலும் அந்தப் பருவத்தில் காடுகாடாகச் சோளம் சல்லடையானது.

காரணம் அந்தப் புழுவின் குணத்தில் இருக்கிறது. சின்னப் புழுவாக இருக்கும்போது இலையைச் சுரண்டித் தின்னும். இலையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும், அவ்வளவுதான். அப்புறம் குருத்துக்குள் இறங்கிவிடும். உள்ளே இருந்து தின்று, ஈரமான மரத்தூள் மாதிரிக் கழிவைத் தள்ளி, குருத்தின் வாயை அதுவே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மேலாக எவ்வளவு அடித்தாலும் மருந்து புழுமேல் படாது. விதைத்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் குருத்தைப் பார்த்து, காலையிலோ மாலையிலோ குருத்துக்குள்ளேயே படுகிற மாதிரி அடித்தால் பயிர் தப்பிக்கும். ஒரு மாதம் தாண்டினால் காசுதான் போகும். இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டிய இரண்டு வாரத்தில், காட்டுக்குள் வந்து குருத்தைப் பிரித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. இலை ஓட்டையானதைப் பார்த்து, ஏற்கெனவே பழகிய ஏதோ ஒரு புழு என்று நினைத்தவர்கள் பழகிய மருந்தையே அடித்தார்கள், அதுவும் இலைமேல் அடித்தார்கள். அடுத்த ஆண்டு அரசே முன்கூட்டிக் களமிறங்கி ஒருங்கிணைந்த தெளிப்புக்கு ஏற்பாடு செய்தது. ஊருக்கு ஊர் செயல்விளக்கம் நடந்தது. 2018-ல் ஆராய்ச்சி நிலையத்தில் தெரிந்திருந்ததுதான் 2019-ல் காட்டுக்கு வந்து சேர்ந்தது.

தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்த காலமும் நம்மிடம் உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் ஒட்டி உருவாக்கியது. குறுவைக்கு அது பொருந்தும். தஞ்சாவூர் மாவட்டத்தில் அந்த நெல்லுக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் "ரேடியோ நெல்". திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிப் பேசியே பரப்பியது. 1966-ல் வானொலி நிலையங்களில் பண்ணைக்கும் வீட்டுக்குமான தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்டபோது முதலில் இடம்பெற்ற நிலையங்களில் திருச்சியும் ஒன்று.

இந்தக் கதையை வானொலியின் வெற்றி என்று சொல்லி நிறுத்திவிடுவது பாதிக் கதை. தஞ்சாவூர் அப்போது தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் இருந்தது, "பேக்கேஜ் புரோகிராம்" என்பார்கள். வானொலியில் கேட்ட ரகத்தின் விதை டெப்போவில் இருந்தது. உரம் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது, கடனும் அங்கேயே கிடைத்தது. மறுநாள் கிராம சேவக் என்ற ஊர் அளவிலான அரசுப் பணியாளர் வந்தால் சந்தேகம் கேட்கலாம். காதில் விழுந்ததைக் கையால் செய்து பார்க்க என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் சைக்கிள் தூரத்தில் இருந்தது. பின்னால் வந்த எத்தனையோ தகவல் திட்டங்கள் ஒலிபரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டன.

தமிழ்நாட்டுக்கு 1980-களில் உலக வங்கிக் கடனுதவியோடு "பயிற்சியும் பார்வையிடலும்" என்ற முறை வந்தது. விரிவாக்கப் பணியாளர் இன்ன கிழமை இன்ன ஊருக்கு வருவார் என்று அட்டவணை இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவருக்குப் பயிற்சி, பிறகு வயலுக்கு நடை. ஊருக்குச் சிலரைத் தொடர்பு விவசாயிகளாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகும் என்று கணக்கு. அந்தக் கணக்கு பல இடங்களில் தேறவில்லை. தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள், செய்தி அவர்களோடு நின்றது. ஆனாலும் அந்த முறையில் ஒரு நல்ல விதி இருந்தது: பணியாளருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. கடன் தொகை நின்றதும் அந்த விதியும் போனது. இன்றைக்கு உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் கையில் பல கிராமங்கள். மானியப் பட்டியல், பயிர்க் காப்பீடு, சிட்டா அடங்கல் சரிபார்ப்பு, பயிர் சேதக் கணக்கெடுப்பு, சாய்ந்தரம் செயலியில் படம் ஏற்றுவது என்று நாள் ஓடிவிடுகிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பயிரைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தை எல்லாம் தாளும் செயலியும் எடுத்துக்கொண்டன.

மண்வள அட்டையிலும் இதே சிக்கலைப் பார்க்கலாம். 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய திட்டம். தழை, மணி, சாம்பல் சத்திலிருந்து துத்தநாகம், போரான், கார அமிலத் தன்மை வரை 12 அளவீடுகள் அட்டையில் இருக்கும். எண்ணம் அருமையானது. ஆனால் மண் மாதிரி எடுத்தது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்ற கட்டக் கணக்கில். தமிழ்நாட்டில் ஒருவருக்கு உள்ள சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர். அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்து மூன்று பேருக்கு ஒரே மண். ஒருவர் வருஷாவருஷம் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர், இன்னொருவர் யூரியா மட்டுமே போடுகிறவர், அட்டை மட்டும் ஒன்று. தன் வயலைப் பற்றியது இல்லை என்று தெரிந்ததும் அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிடுவது யாருக்கும் இயல்பு. என்னைக் கேட்டால், அட்டைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தாலும், நிலத்துக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வயலிலேயே வி வடிவக் குழி வெட்டி மாதிரி எடுத்திருக்க வேண்டும். அந்தக் குழி வெட்டும்போது நடக்கும் பேச்சில்தான் பாதி ஆலோசனை இருக்கிறது.

அப்படிப் பேச்சிலிருந்து தொடங்கிய முயற்சி ஒன்று 1998-ல் புதுச்சேரியில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றியுள்ள ஊர்களில் தகவல் மையங்களை அமைத்தது. இணையமே அரிதாக இருந்த காலம். மின்சாரம் போகும் என்பதால் சூரிய ஒளி மின்சாரம், தொலைபேசி சரியில்லை என்பதால் வானலைக் கருவி என்று கையில் கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். முதலில் ஊருக்கு என்ன தெரிய வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். இடம் ஊர் தர வேண்டும், எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தியவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். நெல் விலை, கால்நடை நோய், அரசுத் திட்டத்தில் யாருக்கு என்ன உரிமை, பேருந்து நேரம் என்று ஊருக்கு வேண்டியது எல்லாம் அங்கே கிடைத்தது.

கடலோர வீராம்பட்டினத்தில் வேண்டியது வேறு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்துத் தமிழாக்கி அனுப்ப, கரையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரத்தில் போகிறவருக்கு வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, காது போதும். நல்லவாடு ஊரின் மையத்திலும் ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் மேட்டுக்கு ஓடியது, உயிர்கள் தப்பின. சுனாமிக்காக யாரும் அந்த ஒலிபெருக்கியை வைக்கவில்லை. அன்றாடம் பயன்பட்டதால் அதன் குரலை ஊர் நம்பியது, யார் அதைக் கையாள்வது என்றும் தெரிந்திருந்தது.

விலைத் தகவலுக்கு வருவோம். இங்கே ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றும், உண்மையில் முரண் இல்லை. 1997-க்கும் 2001-க்கும் இடையில் கேரளத்தின் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகளுக்குச் செல்போன் வந்தபோது மத்தி மீன் சந்தையில் என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கவனித்தார். போன் வருவதற்கு முன், 1997 ஜனவரியில் ஒருநாள் வடகரா என்ற ஊரில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். போன் வந்த பிறகு நடுக்கடலிலிருந்தே விலை கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது நின்றது, மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. ஆனால் மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாகச் சந்தை விலை அனுப்பிப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குக் கிடைத்த விலையில் சொல்லும்படி மாற்றமில்லை.

படகைத் திருப்பலாம். ஒட்டன்சத்திரம் மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறவர் வண்டியைத் திருப்ப முடியுமா? நாற்றுக்கும் உரத்துக்கும் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருப்பார். பத்துப் பெட்டிக்குத் தனி வண்டி கட்டாது, பக்கத்துக் காட்டுக்காரரோடு சேர்ந்துதான் ஏற்ற வேண்டும். தக்காளி நாளைக்கு நிற்காது. கோயம்பேட்டில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட என்று போனில் தெரிந்தால் அவருக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். விலைத் தகவலோடு முன்பணக் கடனையும் சரக்கு ஏற்றும் வண்டியையும் சேர்த்து யோசிக்காத எந்தச் செயலியும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

போன் வழியாக நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2004 ஜனவரியிலிருந்து இயங்கும் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணுக்குக் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். 2018-ல் வந்த உழவன் செயலியில் அணை நீர்மட்டம், விதை உர இருப்பு, அலுவலர் ஊருக்கு வரும் நாள் எல்லாம் தெரியும். டெல்டாக்காரருக்கு மேட்டூர் நீர்மட்டம் தெரிவது சின்ன விஷயமில்லை. ஜூன் 12-ல் தண்ணீர் திறக்குமா என்பதை வைத்துத்தான் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்ற முடிவே. குஜராத்தின் சுரேந்திரநகர் மாவட்டத்தில் பருத்தி விவசாயிகளுக்கு ஒரு குரல்வழிச் சேவை கொடுத்துப் பார்த்தார்கள். போன் போட்டுத் தன் பேச்சிலேயே கேள்வியைப் பதிய வேண்டும், வேளாண் வல்லுநர் பதிலைப் பதிவார், மற்றவர்களின் கேள்வி பதிலையும் கேட்கலாம். அங்கே கடும் விஷ மருந்துகளிலிருந்து குறைந்த விஷமுள்ள மருந்துகளுக்கு விவசாயிகள் மாறியதாக ஆய்வு சொல்கிறது. எழுத்து வேண்டியிருக்கவில்லை, விற்க ஒன்றும் இல்லாதவர் பதில் சொன்னார். இந்த இரண்டும் அங்கே வேலை செய்தன.

பெண்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது எல்லாம் அவர்கள் கை. பட்டா ஆண் பெயரில், செயலியில் பதிந்த எண்ணும் ஆணுடையது, கூட்டம் நடப்பது டீக்கடைப் பக்கத்தில். களைச்செடியையும் பூச்சியையும் முதலில் பார்க்கிறவருக்குத் தகவல் கடைசியில்தான் போகிறது.

விவசாயியிடமிருந்து விவசாயிக்குப் போகும் வழி இன்றும் உயிரோடு இருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதையைத் திருப்பித் தர வருகிறவர் தன் மண்ணில் அது எத்தனை நாளில் கதிர் வைத்தது, தண்ணீரில் தாங்கியதா, சாய்ந்ததா என்பதையும் சேர்த்துக் கொண்டுவருவார். அடுத்து வாங்குகிறவருக்கு அது எந்தக் கையேட்டிலும் கிடைக்காத பாடம். 2018-ல் ஜெயராமன் மறைந்தார்.

சரி, உரக்கடையை என்ன செய்வது? மனிதர்களுக்குச் சீட்டு எழுதுகிற டாக்டர் ஒருவர், மருந்து கொடுக்கிற கடை வேறு. பயிருக்கு மட்டும் இரண்டும் ஒருவரே. கடையை மூட முடியாது, மூடவும் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள, மேனேஜ் எனப்படும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்று ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. கடை விடுமுறை நாளில் வாரம் ஒரு வகுப்பு, நடுவே வயல் பயணம். பயிற்சி பெற்றவர் குறைந்தபட்சம் சத்துக் குறைபாட்டையும் நோயையும் குழப்பிக்கொள்ள மாட்டார். இன்னொரு வழி, சீட்டு எழுதுகிறவரைத் தனியாக்குவது. சுவாமிநாதன் நிறுவனம் நடத்தும் பயிர் மருத்துவ முகாம்களில் ஊர்ப் பொது இடத்தில் மேஜை போட்டு, பூதக்கண்ணாடியோடு ஒருவர் உட்காருகிறார். பாதித்த இலையைக் கொண்டுவந்தால் பார்த்துச் சீட்டில் எழுதித் தருகிறார். சில சீட்டில் மருந்தே இருக்காது. உரக்கடையின் எல்லா நன்மையும் இதில் உண்டு, விற்கும் கட்டாயம் மட்டும் இல்லை. சந்தை நாளில், சந்தை இடத்திலேயே, ஒவ்வொரு ஒன்றியத்திலும் இப்படி ஒரு மேஜை போட ஆகும் செலவு, புதுச் செயலி ஒன்றை உருவாக்கி விளம்பரப்படுத்துவதைவிட நிச்சயம் பயனுள்ள செலவு என்பது என் கருத்து.

ஆனால் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை வானிலை ஆய்வுத் துறையும் பல்கலைக்கழகங்களும் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகின்றன. இதை ஒன்றிய அளவுக்கு இறக்குவதற்காக 2018-க்குப் பிறகு வேளாண் அறிவியல் நிலையங்களில் 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அங்கே இருந்தவர்கள் முன்னறிவிப்பை அப்படியே அனுப்பாமல், இந்த வாரம் மழை இருக்கிறது, பருத்திக்கு மருந்து அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள், அறுத்த உளுந்தைக் களத்தில் விடாதீர்கள் என்று அந்த மாவட்டப் பயிருக்கு ஏற்ற மாதிரி எழுதினார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் விவசாயிகள் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். தரவு எல்லாம் தானாகவே வருகிறது, ஆள் எதற்கு என்ற வாதம் எழுந்தது. 2024 தொடக்கத்தில் அந்த 199 பிரிவுகளும் மூடப்பட்டன. முன்னறிவிப்பு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. "நாளைக்கு அடிக்கலாமா, வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டுமென்றால், உரக்கடை எட்டு மணி வரை திறந்திருக்கும்.